வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. தருமபுரி நகரத்தவரோடு, பென்னாகரத்திலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் பஸ் ஏறி வந்தவர்களுக்குத் தனி நன்றி. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

வெளிப்படச் சொல்லாததை எப்படிப் படிப்பது என்பதையே ஆண்டு முழுவதும் பேசினோம். தகடூர் என்ற பழம்பெயர் கொண்ட நம் தருமபுரி மண்ணில், அதன் அரசன் அதியமானைப் பாடிய ஔவையாரிடம்தானே தொடங்க வேண்டும்? புறநானூற்றின் 95ஆம் பாட்டை எடுத்துக்கொண்டோம். எதிரே இருக்கும் அரசனிடம் அவர் பேசுகிறார்: இங்குள்ள படைக்கலங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவல் மிக்க மாளிகையில் இருக்கின்றன. எங்கள் கோமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். கேட்பதற்குப் புகழ்ச்சி, உள்ளே, போர் காணாதவன் நீ என்ற குத்தல்.

அதியமானின் தூதாகச் சென்று காஞ்சியை ஆண்ட தொண்டைமானிடம் பாடியது என்பது பாட்டின் கீழுள்ள பழைய குறிப்பு. பாட்டில் தொண்டைமான் பெயரே இல்லை என்று கல்லூரி மாணவி ஒருவர் சுட்டிக்காட்டினார். குறிப்பை மறைத்துவிட்டு மீண்டும் படித்தோம். குத்தல் அப்படியே இருந்தது.

பீலி என்றால் முருகன், எனவே இது பக்திப் பாட்டு என்றும் ஒரு வாதம் எழுந்தது. அதைத் தாங்கும் அடி எதுவும் கிடைக்காததால் விட்டுவிட்டோம். உட்பொருள் சொல்பவர் அடியைக் காட்ட வேண்டும் என்று அன்றே தீர்மானித்துப் பதிவேட்டில் எழுதினோம். இந்த ஆண்டு நாம் செய்த உருப்படியான காரியம் இதுதான் என்பேன்.

படைக்கலப் பாட்டின் முடிவில் சோற்றுக்கு என்ன வேலை? 'உண்டாயின் பதம் கொடுத்து, இல்லாயின் உடன் உண்ணும்' தலைவனாம் அதியமான்; அதாவது, இருந்தால் உணவு கொடுப்பவன், இல்லாதபோது இருப்பதைப் பகிர்ந்து உடன் உண்பவன். அன்று மாலை முழுவதும் இந்த அடியிலேயே நின்றோம். பாலக்கோட்டு விவசாயி ஒருவர் சொன்னார்: "பஞ்சத்திலும் தங்களோடு சேர்ந்து உட்கார்ந்து உண்டவனை அவன் ஆட்கள் களத்தில் விட்டுவிட்டு ஓடமாட்டார்கள். அந்த அம்மா அதையும் சேர்த்துத்தான் எச்சரிக்கிறார்." இத்தனை முறை படித்தும் எனக்கு எட்டாத பொருள் அது.

குறுந்தொகையின் 25ஆம் பாட்டில், தலைவனும் தலைவியும் களவில் கூடிய அன்று ஆரல் மீனையே பார்த்து நிற்கும் குருகு, எதையும் கவனிக்காத சாட்சியா, தலைவனின் சாயலா என்ற விவாதம் முடியவில்லை. இரண்டுக்கும் அடி இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் தொடர்வோம்; உறுப்பினர்கள் நூலைக் கையோடு கொண்டுவருமாறும், சந்தா பாக்கியை அன்றே செலுத்துமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்