வயதானால் வருகிற நோயாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில் முன்னாள் படைவீரர் ஓய்வூதியம் பற்றி வந்த கட்டுரையில், சர்க்கரையும் இரத்தக்கொதிப்பும் வயதானால் யாருக்கும் வருவதுதானே, இதற்கெல்லாம் ஊன ஓய்வூதியம் கேட்பது சரியா என்று ஒரு வரி இருந்தது. எங்களில் ஒருவரைக் கேட்டுவிட்டு எழுதியிருக்கலாம். பேரையூர், டி.கல்லுப்பட்டிப் பக்கம் தெருவுக்கு ஒரு பட்டாளத்துக்காரர் இருப்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

நான் பீரங்கிப் படையில் இருந்தவன். 1999இல் கார்கில் சண்டையின்போது திராஸ் பக்கம் போஃபர்ஸ் பீரங்கியில் வேலை. பத்தாயிரம் அடிக்கு மேலே, நடந்தாலே மூச்சு வாங்கும் இடத்தில், நாற்பது கிலோவுக்கு மேல் கனக்கிற குண்டுகளைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டு, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, இராத்திரி பகல் பார்க்காமல் சுட்டோம். சேரும்போது ஷேப் ஒன், அதாவது உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று அவர்களே எழுதினார்கள். வெளியே வரும்போது வலது காது கேட்கவில்லை, பிரஷர் மாத்திரை இல்லாமல் முடியாது. படையை விட்டு வரும்போது உடம்பைப் பார்க்கிற ரிலீஸ் மெடிக்கல் போர்டில் என்ன எழுதினார்கள் தெரியுமா? இரத்தக்கொதிப்பால் ஊனம் 30 சதவீதம், ஆனால் பணியால் வந்ததும் இல்லை, பணியால் கூடியதும் இல்லை. காது பணியால்தான் போனது, ஆனால் 20 சதவீதத்துக்குக் கீழே. பணியோடு சம்பந்தமில்லை என்றாலும் பணம் கிடையாது, 20க்குக் குறைந்தாலும் கிடையாது. ஆக, இரண்டுக்கும் இல்லை. என் பேத்தி என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சுற்றி வந்து இடது பக்கம் உட்கார்ந்துதான் பேசுகிறாள்.

சேரும்போது மருத்துவ ஏட்டில் குறிக்காத நோய் பிறகு வந்தால் அது பணியால் வந்தது என்றுதான் கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு என்று தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013லேயே சொல்லிவிட்டது. அப்புறமும் ஒவ்வொருவனும் தனித்தனியாக வழக்குப் போட வேண்டியிருக்கிறது. அதற்கான ஆயுதப்படைத் தீர்ப்பாயம் சென்னையில் இருக்கிறது. உயர்நீதிமன்றக் கிளை 2004இல் மதுரைக்கு வந்து தென்மாவட்டத்துக்காரர்களின் அலைச்சல் குறைந்தது, எங்களுக்கு மட்டும் இன்னும் இராத்திரி ரயில்தான். முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவ அட்டையைக் கொண்டுபோனால் நகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் முதலில் பணத்தைக் கட்டுங்கள், பிறகு வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். இதையெல்லாம் உங்கள் பத்திரிகையில் நான் பார்த்ததே இல்லை. ஆகஸ்ட் 15க்கும் கார்கில் தினத்துக்கும் மட்டும் ஆள் அனுப்பி, மெடலைக் குத்திக்கொண்டு நிற்கச் சொல்கிறீர்கள். நாங்களும் மரியாதைக்கு நிற்கிறோம். அதே பத்திரிகையில் எங்களைக் காசுக்கு நோயைச் சொல்கிறவர்கள் போல எழுதினால் எப்படி ஐயா மனசு ஆறும்?

எங்கள் ஊரில் சிக்னல் படையில் இருந்த ஒருவர், மெடிக்கல் போர்டு எழுதியதை எதிர்த்து அப்பீல் போடலாம் என்பதே தெரியாமல் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மனைவி அந்தக் காகிதங்களை இன்னும் ட்ரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறார், இனி அதை வைத்து என்ன செய்யலாம் என்று சொல்ல ஆளில்லை.

அந்த வரிக்கு மறுப்புப் போடுவீர்களோ மாட்டீர்களோ, அது உங்கள் விருப்பம். அந்த 2013 தீர்ப்பு என்ன சொல்கிறது, மெடிக்கல் போர்டு மறுத்தால் முதல் அப்பீல் யாருக்கு அனுப்ப வேண்டும், கணவர் இறந்திருந்தால் மனைவி என்ன செய்யலாம் என்று விவரம் கேட்டு, மதுரைப் பதிப்பில் ஒரு கால் பக்கம் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை போட்டால் டீக்கடையில் எல்லோர் கண்ணிலும் படும்.

இப்படிக்கு,
முன்னாள் ஹவில்தார்,
பேரையூர் வட்டம், மதுரை மாவட்டம்