நடக்க முடியுமா என்று மட்டும் கேட்காதீர்கள்

அரிய தசை நோய்களுக்கான சிறப்பு மையங்களை நடத்துவோருக்கும், நோயாளிகளின் பயண உதவியை முடிவு செய்யும் சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம். எனக்குப் போம்பே நோய். தசைகளில் சேரும் கிளைகோஜனை (உடம்பு சேமித்து வைக்கும் ஒருவகைச் சர்க்கரை) உடைக்க வேண்டிய நொதி என் உடம்பில் போதிய அளவு இல்லை. அதை டிரிப்ஸில் ஏற்றும் சிகிச்சைக்கு 2006-ல் அனுமதி கிடைத்தது. வழக்கமாக இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, மணிக்கணக்கில் மெல்ல மெல்ல ஏற்றுவார்கள். அப்படியென்றால் ஆண்டுக்கு 26 முறை. பல தசை நோய்களுக்கு இப்படி ஒரு மருந்தே இல்லை என்பதால் இதன் அருமை எனக்குத் தெரியும். ஆனால் அந்த மருந்தைத் தேடி வந்து போவதிலேயே இருக்கிற தெம்பெல்லாம் போய்விடுகிறது.

பெரியவர்களுக்கு இந்த நோய் பெரும்பாலும் இடுப்பையும் தொடையையும்தான் முதலில் பிடிக்கும். சமதரையில் நடந்துவிடுவேன். தாழ்வான இருக்கையில் உட்கார்ந்துவிட்டால் யாராவது தூக்கிவிட வேண்டும். வழியில் உள்ள கழிப்பறைகளில் பிடித்து எழக் கம்பி இருக்குமா என்று சொல்ல முடியாது. அதனால் முந்தின நாள் சாயங்காலமே தண்ணீரைக் குறைத்துவிடுகிறேன். வந்து சேர்ந்தால், ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் செவிலியர் இரண்டு கைகளையும் தட்டித் தட்டித் தேடுகிறார். "தண்ணி நிறைய குடிச்சிட்டு வாங்க" என்கிறார். அவர் சொல்வது சரிதான். குடித்துவிட்டு வழியில் நான் எங்கே போவது?

அப்புறம் மூச்சு. நுரையீரலுக்குக் கீழே இருந்து மூச்சிழுக்க உதவும் உதரவிதானமும் ஒரு தசைதான். அது பலவீனமானால் மல்லாந்து படுக்கும்போது மூச்சு முட்டும். தூங்க, முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி மூச்சுக்கு உதவும் பைபாப் கருவி வேண்டும். இரவுப் பயணத்தில் கருவியோடு பேட்டரியும் வர வேண்டும். "விமானத்தில் வரலாமே" என்பவர்கள் உண்டு. பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் 8,000 அடி உயரத்தில் இருக்கும் அளவுக்குக் குறையலாம். நுரையீரல் தளர்ந்தவர்கள் மருத்துவரிடம் பரிசோதித்துக் கேட்காமல் ஏறக் கூடாது.

டுஷேன் என்பது பெரும்பாலும் பையன்களுக்கு வரும், தசைகளை மெல்ல மெல்லச் சிதைக்கும் நோய். அந்தப் பையன்களின் நிலை இன்னும் கஷ்டம். இதயம், நுரையீரல், எலும்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மருத்துவர், ஒவ்வொருவருக்கும் ஒரு நாள். அவன் சக்கர நாற்காலி அவன் முதுகுக்கு அளவெடுத்துச் செய்தது. அது வண்டியில் ஏறாவிட்டால் அவனும் வர முடியாது.

நான் நிரப்பிய பயண உதவிப் படிவத்தில் "நடக்க முடியுமா?" என்று ஒரே கேள்விதான் இருந்தது. முடியும் என்று எழுதினேன், உதவி மறுக்கப்பட்டது. உட்கார்ந்த இடத்திலிருந்து தானே எழ முடியுமா, படியேற முடியுமா, படுத்தால் மூச்சு விட முடியுமா, கூட ஆள் வேண்டுமா என்று கேட்டிருந்தால் உண்மை தெரிந்திருக்கும். அந்தக் கூட வரும் ஆளின் செலவையும் சேர்த்து, பயணத்துக்கு முன்பே பணம் கொடுங்கள். ரசீதைக் காட்டி அப்புறம் வாங்கிக்கொள் என்றால், கையில் காசில்லாதவர் கிளம்பவே மாட்டார்.

மையங்களிடம் கேட்பது இது. பரிசோதனைகளை ஒரே நாளில், ஒரே கட்டடத்தில் வையுங்கள். எதிர்வினை ஏதும் இல்லாமல் மருந்து ஏற்றுக்கொள்பவர்களுக்கு, வீட்டிலோ பக்கத்து மருத்துவமனையிலோ ஏற்ற வழி செய்யுங்கள். ஒவ்வாமை வரலாம் என்ற உங்கள் பயம் நியாயமானது; எனக்கும் அந்தப் பயம் உண்டு. அதற்குத்தான் பயிற்சி பெற்ற செவிலியரும் அவசர மருந்தும் கூடவே இருக்க வேண்டும் என்கிறேன். நெதர்லாந்தில் போம்பே நோயாளிகளுக்கு வீட்டிலேயே ஏற்றுகிறார்கள். ரிப்போர்ட்டைப் பார்த்துப் பேசுவது மட்டும்தான் வேலை என்றால், அதைக் காணொளியில் முடித்துவிடலாம்.

படிவத்தைத் திருத்த உட்காரும்போது எங்களையும் கூப்பிடுங்கள். அந்தக் கூட்டத்தையும் காணொளியில் வைத்தால், வெளியே கிளம்ப முடியாதவர்களும் பேச முடியும்.

இப்படிக்கு,
போம்பே நோயுடன் வாழும் ஒருவர்