நூக்கல் கீரையும் மஞ்சப்பையும்

ஃப்ரைபுர்க், ஜெர்மனி
அக்டோபர்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். தங்கச்சிக்கு ரத்தம் குறைவாக இருப்பதாகவும், டாக்டர் கீரை நிறையச் சாப்பிடச் சொன்னதாகவும் சொன்னாய். ஆபீஸ் அவசரத்தில் நறுக்கிப் பாக்கெட் போட்ட காயையே ஆர்டர் செய்கிறாள் என்றும் சொன்னாய். போனில் எதையும் முழுசாகப் பேச முடிவதில்லை, அதனால் எழுதுகிறேன். அவளுக்கும் படித்துக் காட்டு.

இந்த ஊரில் ஞாயிறு தவிர எல்லா நாளும் பெரிய தேவாலயத்தைச் சுற்றிச் சந்தை கூடும். வடக்குப் பக்கம் சுற்றுவட்டார விவசாயிகள், தெற்குப் பக்கம் வியாபாரிகள். நான் காய்க்கு வடக்குப் பக்கம்தான் போவேன். பூசணி, பீட்ரூட், கோஸ் எல்லாம் மண் வாசனையோடு குவிந்திருக்கும். நம் நூக்கல் இங்கே எல்லாருக்கும் பிடித்த காய். தராசுத் தட்டில் வைத்து, "இலையைக் கிள்ளிவிடவா?" என்று கேட்பார்கள். முக்கால்வாசிப் பேர் தலையாட்டுவார்கள். கடைக்கார அம்மாள் ஒரே திருகில் இலைக்கொத்தைப் பிய்த்துக் காலடிப் பெட்டியில் போடுவார். வைட்டமின் ஏ, சுண்ணாம்புச் சத்து, இரும்பு எல்லாம் காயைவிட அந்த இலையில்தான் அதிகம்! நான் இலையோடு கேட்டு வாங்குவதைப் பார்த்துப் பார்த்து, இப்போது பெட்டியிலிருந்து இளசாக இரண்டு கொத்து எடுத்து என் பையில் சும்மாவே வைத்துவிடுகிறார்.

நடு நரம்பை உருவிவிட்டுப் பொடியாக அரிந்து, மலர வெந்த பாசிப்பருப்போடு தேங்காய், சீரகம் சேர்த்துப் புரட்டினால் முருங்கைக்கீரைப் பொரியல் தோற்றுவிடும். முள்ளங்கி இலையையும் இப்படித்தான் செய்கிறேன். தங்கச்சிக்குச் செய்யும்போது இறக்கியபின் கொஞ்சம் எலுமிச்சை பிழிந்து கொடு. கீரையில் உள்ள இரும்பை உடம்பு லேசில் எடுத்துக்கொள்ளாது, வைட்டமின் சி கூட இருந்தால் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற பழக்கத்தை அவள் விட்டே ஆகவேண்டும், டீ அந்த இரும்பைத் தடுத்துவிடும். டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தால் அதையும் நிறுத்தக் கூடாது. கீரை மட்டுமே போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

இனி அந்தப் பாக்கெட் விஷயம். இங்கே வீட்டில் காய்த்தோல் தனி, காகிதம் தனி, கண்ணாடி தனி. பிளாஸ்டிக் உறை, டப்பா, டின் எல்லாம் ஒரு மஞ்சள் நிறப் பையில். தண்ணீர் பாட்டிலைக் கடை மெஷினில் திருப்பிப் போட்டால், வாங்கும்போது கட்டிய முன்பணம் 25 சென்ட் கையில் வரும். உறை போட்டு விற்கிறவர்களே அதைத் திரும்பச் சேகரிக்கும் செலவையும் ஏற்கவேண்டும் என்று 1991-லேயே சட்டம் போட்ட நாடு இது. பிரித்துப் போடுவதில் இவர்கள் காட்டும் ஒழுங்கு எனக்கு உண்மையிலேயே பிடிக்கும். ஆனாலும் கடை, ஆலை எல்லாம் சேர்த்தால் ஆளுக்கு வருஷத்துக்கு 200 கிலோவுக்கு மேல் உறைக்குப்பை சேர்கிறது! எங்கள் வீட்டிலேயே பார்க்கிறேன். சூப்பர் மார்க்கெட்டில் காய் வாங்கிய வாரம் மஞ்சள் பை பிதுங்கும். சந்தைக்குத் துணிப்பையோடு போன வாரம் அது அடியில் கிடக்கும்.

எல்லா உறையும் வீண் என்று சொல்லமாட்டேன். குளிர்காலத்தில் வெள்ளரிக்காய் ஸ்பெயினின் அல்மேரியாப் பக்கத்துப் பசுமைக்குடில்களிலிருந்து லாரியில் வருகிறது. மேலே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறை இல்லாவிட்டால் வழியிலேயே வதங்கிவிடும். இங்குள்ள நம் ஊர்க்காரர் கடையில் வாங்கும் துவரம்பருப்பும் உறையவைத்த முருங்கைக்காயும்கூடப் பாக்கெட்டில்தான் வருகின்றன. தூரத்திலிருந்து வருவதற்கு உறை வேண்டியிருக்கிறது. நம் வீட்டுக்கு என்ன தூரம்? தாராசுரம் மார்க்கெட்டிலிருந்து வரும் காய்க்குப் பிளாஸ்டிக் தட்டு எதற்கு, மேலே படலம் எதற்கு? வெட்டி வைத்த காயில் நேரம் ஆக ஆக வைட்டமின் சி வேறு குறைந்துகொண்டே போகும். காசு கொடுத்துச் சத்தைக் குறைத்து, குப்பையையும் கூட்டிக்கொள்வதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை, அம்மா.

தமிழ்நாட்டில் 2019-லேயே பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்துவிட்டது. ஜெர்மனியில் கடைப்பைக்குத் தடை 2022-ல்தான் வந்தது, அதுவும் காய்க்குக் கொடுக்கும் மெல்லிய பைக்கு இன்னும் இல்லை. நம் கீரைக்காரம்மா வாழைநாரில் கட்டிக் கொண்டுவருகிற கட்டுக்கு இந்த ஊரில் எங்கே போவது? அவர் வருவதை மட்டும் நிறுத்திவிடாதே. வாங்குகிற ஆள் குறைந்தால் அவர் வேறு தெருவுக்குப் போய்விடுவார்.

தங்கச்சிக்கு நேரமில்லை என்பது நிஜம்தான். அதற்காகக் கீரை ஆய்வது அவளும் நீயும் மட்டும் பார்க்கிற வேலையாக ஏன் இருக்கவேண்டும்? அப்பாவும் தம்பியும் டிவி பார்த்துக்கொண்டே ஆயலாமே. ஆய்ந்ததைக் கழுவாமல் பருத்தித் துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் வாடாது. காலையில் அவள் அலசி, அரிந்து தாளித்தால் போதும். காய் வாங்க நம் துணி மஞ்சப்பையை அப்பாவின் ஸ்கூட்டர் பெட்டியிலேயே போட்டுவைக்கச் சொல்.

அடுத்த ரத்தப் பரிசோதனை எப்போது? ஹீமோகுளோபின் எவ்வளவு என்று எழுது. இன்னொன்று: இந்த வாரம் சந்தையில் பீட்ரூட் இலையோடு வந்திருக்கிறது. அதை மசியல் செய்தால் புளி விடுவதா, தக்காளி போடுவதா?

அன்புடன்,
உன் மூத்தவள்