மஞ்சள் உள்ளங்கை

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்புக் கூட்டாளிக்கு,

உன் கடிதத்தைப் பிரித்ததும் பயந்தேன், பாதியில் சிரித்துவிட்டேன். உள்ளங்கை மஞ்சளாகிவிட்டது, காமாலை என்று மகள் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள், ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஈரலில் ஒரு குறையும் இல்லை என்கிறாய். நாலு வரி தள்ளி, கண்புரை எடுத்ததிலிருந்து ஐந்து மாதமாகத் தினமும் காலையில் ஆறு கேரட்டைச் சாறு பிழிந்து குடிக்கிறேன் என்றும் எழுதியிருக்கிறாய். இரண்டு சேதியும் ஒரே தாளில்தான் இருக்கின்றன. முடிச்சுப் போட்டுப் பார்க்க உனக்குத் தோன்றவில்லை!

கண்ணாடி முன்னால் நின்று விழியின் வெள்ளையைப் பார். காமாலை என்றால் அதுவும் மஞ்சளித்திருக்கும். அது வெள்ளையாகவே இருந்து, உள்ளங்கையும் உள்ளங்காலும் மட்டும் மஞ்சள் பூசிக் கழுவினாற்போல இருந்தால், அது கேரட் செய்த வேலை. கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டீனை உடம்பு தனக்கு வேண்டிய மட்டும் வைட்டமின் ஏ-ஆக மாற்றிக்கொள்கிறது. மிச்சம் ரத்தத்தில் சுற்றிவந்து, தோல் தடித்த இடங்களில் படிகிறது. ஆபத்தில்லை. சாற்றை நிறுத்து, கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துவிடும். மருத்துவமனை மருந்தகத்தில் முப்பது ஆண்டு நின்றவன் சொல்கிறேன், இதையாவது கேள்.

இனி உன் பந்தயம். “உன் கொல்லைப் பப்பாளி என் கேரட்டுக்கு ஈடாகுமா?” என்று கேட்டிருந்தாய். தோற்றவன் தே தாரிக், அதுதான் நம் ஆற்றிய பால் தேநீர், வாங்கித் தர வேண்டுமாம். சரி.

நூறு கிராமுக்கு நூறு கிராம் எடுத்து வைத்தால், சக்தியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், நாற்பது கலோரிக்குச் சற்று மேல். பீட்டா கரோட்டீன் கேரட்டில் எட்டு மில்லிகிராம்; பப்பாளியில் கால் மில்லிகிராமைத் தாண்டினால் அதிகம். முப்பது மடங்கு! இங்கே நான் படுதோல்வி. ஆனால் வைட்டமின் சி-க்கு வா. பப்பாளியில் அறுபது மில்லிகிராம், உன் கேரட்டில் ஆறு. நார்ச்சத்தும் பொட்டாசியமும் உன் பக்கம், ஃபோலேட் என்ற பி வைட்டமின் என் பக்கம். இப்படியே எண்ணிக்கொண்டு போனால் விடிந்துவிடும்.

எனக்குச் சுவையாகப் பட்டது வேறொன்று. கேரட்டில் அந்தக் கரோட்டீன் படிகம் படிகமாக, கெட்டியான செல் சுவருக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. பச்சையாகக் கடித்தால் பெரும்பகுதி உடம்பில் சேராமலே வெளியே போய்விடும். பப்பாளியிலோ அது கொழுப்புத் துளிகளில் கரைந்தும் குழைந்தும் இருப்பதால் குடல் சுலபமாக எடுத்துக்கொள்கிறது. மனிதர்களுக்குக் கொடுத்துச் சோதித்ததில், பச்சைக் கேரட்டைவிடப் பப்பாளியிலிருந்து மூன்று மடங்கு அதிகமாக உடம்பில் சேர்ந்ததாம். இதைப் படித்ததும் துள்ளிக் குதித்தேன். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். முப்பதை மூன்றால் வகுத்தாலும் பத்து மடங்கு நீதான் முன்னே நிற்கிறாய். ஆக, வைட்டமின் ஏ-க்குக் கேரட்தான். தே தாரிக் என் கணக்கு.

ஆனால் ஒரு ஆணுக்கு ஒரு நாளைக்கு வேண்டியதைப் பெரிய கேரட் ஒன்றே ஏறக்குறையக் கொடுத்துவிடும். நீ ஏன் ஆறு பிழிகிறாய்? அதிலும் சாறு! நாரெல்லாம் சக்கையோடு குப்பைக்குப் போகிறது. அரைக் கிலோ கேரட்டில் ஐந்தாறு தேக்கரண்டிச் சர்க்கரை இருக்கிறது. அதில் பெரும்பகுதி சாற்றோடு இறங்கிவிடும். உனக்கு இனிப்பு நீர் வந்து பத்து வருடமாகிறது. கோப்பிக்குச் சீனி போடாமல் முகத்தைச் சுளித்துக் குடிக்கிறவன், கேரட்டின் பேரைச் சொல்லி அதையே மடக்மடக்கென்று குடிக்கிறாய். உன் வீட்டில் தங்கச்சி செய்யும் பொரியலை நினைத்துப் பார். கடுகு தாளித்து, கேரட்டைப் பொடியாக நறுக்கி வதக்கி, இறக்கும்போது தேங்காய்ப்பூ தூவுவாரே, அதில் சூடு சுவரை உடைக்கிறது, எண்ணெயும் தேங்காயும் கரோட்டீனைக் கரைத்து உள்ளே கொண்டுபோகின்றன. அந்தச் சாறு பிழியும் இயந்திரத்தைத் தூக்கிப் பரணில் போடு.

கேரட் தின்றால் பார்வை கூரேறும் என்பதும் பாதி போர்க்காலக் கதை. 1940-களின் தொடக்கத்தில் ஜான் கன்னிங்ஹாம் என்ற பிரிட்டிஷ் விமானி இருட்டில் எதிரி விமானங்களைச் சுட்டு வீழ்த்தியபோது, கேரட் தின்றதால் வந்த பார்வை என்று பத்திரிகைகளில் வந்தது. ‘பூனைக்கண்’ என்றே அவருக்குப் பெயர். உண்மையில் அவருக்குக் கை கொடுத்தது விமானத்துக்குள் இருந்த ரேடார். வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும், அது மெய். குறையாதவனுக்கு மேலும் ஊற்றினால் கூடுதலாக ஒன்றும் தெரியாது. புரை எடுத்த கண்ணுக்கும் அப்படித்தான்.

பப்பாளி என்றதும் நிபோங் திபால் ரப்பர் தோட்டத்து லயம், நாம் வளர்ந்த அந்த வரிசை வீடுகள், ஞாபகம் வரவில்லையா? பெரியவர்கள் பால்மரம் வெட்டப் போன பின், உடைந்த பிளேடால் பச்சைப் பப்பாளியில் கோடு கிழித்து, கீழே சிரட்டை கட்டி, நாமும் பால் வெட்டினோமே. சொட்டுச் சொட்டாக வெள்ளையாக இறங்கும். விரலில் பட்டு எனக்குத் தோல் உரிந்தது. உனக்கு உன் அம்மாவிடம் விளக்குமாற்று அடி கிடைத்தது. அந்தப் பாலில் இருக்கும் பப்பாயின் என்ற நொதிதான் ஆட்டிறைச்சியை மெதுவாக்க நம் அம்மாக்கள் பப்பாளிக் காயைப் போட்டதற்குக் காரணம். காயாக இருக்கும்வரை அது கூட்டுக்கு ஆகிற காய்கறிதான். பழுக்கும்போதுதான் இந்தக் கரோட்டீனெல்லாம் ஊறுகிறது. உன் பந்தயத்தில் பப்பாளியைக் காய்க் கட்சியில் நிறுத்துவதா, பழக் கட்சியில் நிறுத்துவதா என்று நீ கேட்டிருக்க வேண்டும்!

பிறகு அங்கே பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள். பிழிந்தெடுத்த செம்பனை எண்ணெய் ரத்தச் சிவப்பாக இருக்கும்; அதுவும் கரோட்டீன்தான், கேரட்டைவிடப் பல மடங்கு. சுத்திகரித்து வெளுத்து, அதையெல்லாம் நீக்கிவிட்டுத்தான் நமக்குப் பொன்னிற எண்ணெயாக விற்கிறார்கள். நாம் சீனாவிலிருந்து வரும் கேரட்டை வாங்கிப் பிழிகிறோம்.

என் பப்பாளி மரம் எக்ஸோட்டிகா விதையில் முளைத்தது. ஹவாயின் சன்ரைஸ் சோலோவையும் நம் சுபாங் பப்பாளியையும் கலந்து நம் வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான மார்டி 1987-இல் வெளியிட்ட இனம். சதை செக்கச்செவேலென்று இருக்கும்; தக்காளியில் இருக்கும் அதே சிவப்பு நிறமி, லைகோபீன்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வருவதாகச் சொன்னாய். நாள் எழுது, பட்டர்வொர்த் படகுத்துறையில் வந்து நிற்கிறேன். மரத்தில் ஒரு காயின் அடியில் இரண்டு மஞ்சள் கோடு இறங்கியிருக்கிறது. பழைய செய்தித்தாளைச் சுற்றிக் கட்டி வைத்திருக்கிறேன். அணில் விட்டுவைத்தால் வியாழக்கிழமை பறித்துவிடுவேன்.

உன் பழைய கூட்டாளி