அந்தந்த ஞாயிற்றுக்கு அந்தந்தப் பாடம்

லிங்கராஜபுரம், பெங்களூரு
நவம்பர் மாதம், அட்வெந்துக்கு (கிறிஸ்மஸுக்கு முந்தின ஆயத்த காலத்துக்கு) முந்தின வாரம்

கிறிஸ்துவுக்குள் அன்பான தோழிக்கு,

தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததை வாசித்ததும் மனசுக்கு நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் விட்டுக்கொள். இங்கே இவருக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, கம்மனஹள்ளி வரைக்கும் நடந்து போய்க் காய்கறி வாங்கி வருகிறார். சின்னவள் ஒயிட்ஃபீல்டு பக்கம் வீடு மாறிவிட்டாள். அவ்வளவு தூரத்திலிருந்தும் ஞாயிறு ஆராதனைக்குப் பேரனைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறாள், அதுவே பெரிய சந்தோஷம்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் சபைக்குப் புதிதாக வந்த போதகர், ஒவ்வொரு ஞாயிற்றுக்கும் வாசிக்கக் குறித்திருக்கும் வேதப் பகுதிகளான பாடங்களை விட்டுவிட்டு மாதத்துக்கு ஒரு தலைப்பு எடுத்துப் பிரசங்கம் பண்ணுகிறார், கூட்டமும் கூடியிருக்கிறது, இதில் என்ன தப்பு என்று உன் மகன் கேட்டதாக எழுதியிருந்தாய். அவனுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, ஆனால் மனசு ஒப்பவில்லை என்றாய். எனக்கும் ஒப்பவில்லை.

தலைப்பு எடுத்துப் பேசுவது குற்றமில்லை. ஜெர்மனியில் சபையைச் சீர்திருத்தின மார்ட்டின் லூத்தரே பத்துக் கட்டளை, விசுவாசப்பிரமாணம், கர்த்தருடைய ஜெபம் என்று வரிசையாகப் பிரசங்கித்தவர்தான். ஆனால் வருஷம் முழுவதும் ஒரே ஆள் தன் விருப்பப்படி வசனம் தெரிந்தெடுத்தால், அவருக்குப் பிடித்ததும் சபைக்கு இனிக்கிறதும்தான் திரும்பத் திரும்ப வரும். ஆசீர்வாதம், வாக்குத்தத்தம், ஜெயம். வாசலில் கிடந்த ஏழை லாசருவைக் கவனியாமல் சுகமாக வாழ்ந்து, செத்தபின் வேதனைப்பட்ட ஐசுவரியவான் அங்கே எப்போது வருவான்? வருஷாவருஷம் அதே பாடங்கள் திரும்பி வருகிற பழைய வரிசையில், திரித்துவ ஞாயிறு என்ற பண்டிகைக்குப் பின் வரும் முதலாம் ஞாயிற்றுக்கு அதுதான் சுவிசேஷம், லூக்கா 16. முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதருக்கும் அது சங்கடம், போதகருக்கும் சங்கடம். வேண்டாமென்று தள்ள முடியாதபடி அந்தப் பாடம் வந்து நிற்கும். இன்று என்ன பேசலாம் என்ற அதிகாரம் போதகர் கையில் முழுசாக இல்லாமலிருப்பது சபைக்கு ஒரு பாதுகாப்பு என்று நான் நம்புகிறேன். போதகருக்கும்தான். யாரையோ குறிவைத்துப் பேசினார் என்று அவரை ஒருவரும் சொல்ல முடியாது.

லூத்தருக்கு இந்த வரிசை முழுசாகப் பிடித்திருந்தது என்று நினைத்துவிடாதே. 1523-ல் ஆராதனை முறையைத் திருத்தி எழுதியபோது, நிருப பாடங்களை, அதாவது அப்போஸ்தலரின் கடிதங்களிலிருந்து வரும் பாடங்களை, தெரிந்தெடுத்த ஆள் படிப்பில்லாதவர், விசுவாசத்தை விட நற்கிரியைகளையே பெரிதாக எண்ணினவர் போலிருக்கிறது என்று காரமாகவே எழுதினார். விசுவாசத்தைப் பற்றிப் பவுல் சொல்லும் பகுதிகள் அதில் போதவில்லை என்பது அவர் மனக்குறை. ஆனாலும் வரிசையைத் தூக்கியெறியவில்லை. குறைகிறதைப் பிரசங்கத்தில் நிரப்பிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தார். 1526-ல் ஜெர்மன் மொழி ஆராதனை முறையை அச்சிட்டபோதும் ஞாயிற்றுக்குப் பழைய பாடங்கள்தான். அதோடு வார நாட்களுக்கும் ஒரு ஒழுங்கு வைத்தார். திங்களும் செவ்வாயும் ஞானோபதேசம் என்கிற அடிப்படை உபதேசம், புதன் மத்தேயு சுவிசேஷம், வியாழனும் வெள்ளியும் நிருபங்கள், சனிக்கிழமை பிற்பகல் யோவான் சுவிசேஷம். ஞாயிற்றுக்கிழமை கேட்கும் துண்டுப் பகுதி மட்டும் போதாது, புஸ்தகத்தை முழுசாகவும் வாசிக்க வேண்டும் என்று அவர் அறிந்திருந்தார். உன் மகனுக்கு இதைச் சொல். தலைப்பா பாடமா என்ற சண்டையில் இந்த வார நாள் வாசிப்பை எல்லாருமே மறந்துவிடுகிறோம்.

எங்கள் புதன்கிழமைக் கூட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தாயே. சாயங்காலம் வேலை முடிந்து வருகிறவர்களுக்காக ஏழு மணிக்கு எங்கள் வீட்டு முன்னறையில் கூடுகிறோம். கார்மெண்ட்ஸில் தைக்கிற ஒரு அக்கா, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட மேஸ்திரியும் அவர் மனைவியும், ஐ.டி.ஐ. டெலிபோன் தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன ஒரு அண்ணன், அப்புறம் கல்லூரிப் பிள்ளைகள். பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. அதனால் தமிழ், கன்னடம், இங்கிலீஷ் என்று மூன்று வேதாகமம் திறந்திருக்கும். வருகிற ஞாயிற்றுக்கான பாடங்களை மட்டும் வாசிக்கிறோம். முதலில் யாரும் விளக்கம் சொல்லக் கூடாது, ஆளுக்கு ஒரு கேள்வி கேட்கலாம். அந்தக் கேள்விகளைச் சுமந்துகொண்டு ஞாயிறு கோயிலுக்குப் போகிறோம். பதில் பிரசங்கத்தில் வந்தாலும் வராவிட்டாலும், காது திறந்திருக்கிறது. எங்கள் போதகர் சில புதன்கிழமைகளில் வந்து ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். அவர் ஒன்றும் பேசாமல் போகிற வாரங்களில்தான் பிரசங்கம் ரொம்ப நன்றாக இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

எங்கள் சபையில் இப்போது மூன்று வருஷ வரிசை. ஒரு வருஷம் மத்தேயு, அடுத்தது மாற்கு, அதற்கடுத்தது லூக்கா, யோவான், ஈஸ்டருக்கு முந்தின தபசு காலமான லெந்திலும் ஈஸ்டர் காலத்திலும் வந்து கலந்துகொள்ளும். வேதத்தின் கூடுதல் பகுதி காதில் விழுகிறது, அது நல்லதுதான். ஆனால் லெந்து நாட்களில் மட்டும் புதன் கூட்டத்தில் நீயும் நானும் தரங்கம்பாடி ஹாஸ்டலில் கேட்டு வளர்ந்த பழைய வரிசையை எடுத்துக்கொண்டோம். அந்த வரிசையில் லெந்தின் இரண்டாம் ஞாயிறு, பிசாசு பிடித்த தன் மகளுக்காக இயேசுவிடம் கெஞ்சின கானானியப் பெண், மத்தேயு 15. அவள் இஸ்ரவேல் ஜனத்தைச் சேராதவள். மூன்று வருஷ வரிசையில் அவள் மத்தேயு வருஷத்து ஆகஸ்டில் வருகிறாள். லெந்தில், முந்தின ஞாயிறு ஆண்டவர் வனாந்தரத்தில் சோதிக்கப்பட்டதைக் கேட்ட சூட்டோடு அவளைச் சந்திப்பது வேறு மாதிரி இருக்கிறது. இந்த வாரம் சோதனை அவளுக்கு, அதுவும் ஆண்டவரிடமிருந்தே வருகிறது.

அன்றைக்குக் கூட்டத்தில் எல்லாருக்கும் ஒரே கேள்வி. இயேசு ஏன் அவளை இப்படிப் பேசினார்? கூப்பிட்டாள், ஒரு வார்த்தைகூடப் பதில் இல்லை. சீஷர்கள் சொல்லிப் பார்த்தார்கள், இஸ்ரவேலுக்குத்தான் அனுப்பப்பட்டேன் என்றார். காலில் விழுந்தாள், பிள்ளைகளின் அப்பத்தை நாய்க்குட்டிகளுக்குப் போடலாமா என்றார். கல்லூரிப் பெண் ஒருத்திக்குக் கோபமே வந்துவிட்டது. அப்போது அந்தக் கார்மெண்ட்ஸ் அக்கா, எப்போதும் பேசாதவர், சொன்னார்: “அந்தம்மா சண்டை போடல பாருங்க. ஆமா, நான் நாய்தான், அப்ப நாய்க்கு உள்ளதைக் குடுங்கன்னு அவர் சொன்னதை வச்சே கேக்குது. அவர் இனிமே இல்லைன்னு சொல்ல முடியாது.” அந்த அக்கா தன் மகனுக்காக எத்தனையோ காலமாக ஜெபித்துக்கொண்டிருக்கிறார் என்று எங்களுக்கெல்லாம் தெரியும். யாரும் பேசவில்லை.

லூத்தர் 1525-ல் வெளியிட்ட லெந்துப் பிரசங்கங்களில் இதே பகுதிக்கு ஏறக்குறைய இதையேதான் சொல்கிறார். அவள் கிறிஸ்துவை அவருடைய வார்த்தையிலேயே பிடித்துக்கொண்டாள், நாய்க்குரிய பங்கை மட்டும் கேட்டாள், அவர் எங்கே தப்பிப் போவார் என்கிறார். அவருடைய இல்லை என்பதற்குள் ஆழத்தில் ஒரு ஆம் ஒளிந்திருக்கிறது, அதை விசுவாசம் பற்றிக்கொள்ள வேண்டும் என்கிறார். அந்த அக்கா லூத்தரை வாசித்தவர் இல்லை. பாடத்தை வாசித்தவர். தலைப்பை நாம் தெரிந்தெடுத்திருந்தால், ஜெபத்துக்குப் பதில் கிடைப்பது எப்படி என்று ஒரு தலைப்பு வைத்து, சுலபமான வசனங்களாக அடுக்கியிருப்போம். ஆண்டவர் பதில் சொல்லாமல் நிற்கிற பகுதியை யாரும் தொட்டிருக்க மாட்டோம்.

இன்னொன்றும் எழுத வேண்டும். லூத்தர் வார்ட்பர்க் கோட்டையில் மறைந்திருந்த 1521, 22-ல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார், கூடவே அட்வெந்து, கிறிஸ்மஸ் பாடங்களுக்குப் பிரசங்கங்களையும் எழுதினார். பிரசங்கம் பண்ணத் தெரியாத குருமார் அதை அப்படியே வாசித்தாலும் சபைக்குச் சுவிசேஷம் கிடைக்கட்டும் என்பதற்காக. ஆனால் கிறிஸ்மஸ் தொகுப்பின் முடிவில், என்னுடைய விளக்கமும் மற்றப் போதகர்களுடைய விளக்கமும் கட்டடத்துக்குப் போடுகிற சாரம் போலத்தான், நீங்கள் வேதத்துக்குள்ளேயே போங்கள் என்கிறார். இதைச் சொன்னபோது எங்கள் மேஸ்திரி, “கட்டடம் எழும்பினதும் சாரத்தைப் பிரிச்சிடணும்மா, அதுலயே குடியிருக்க முடியாது” என்றார். நல்ல பிரசங்கிகளை ரசிக்கிற நமக்கு அந்த வார்த்தை வேண்டியதுதான்.

உன் போதகரோடு சண்டைக்குப் போகாதே. வாலிபர், கற்றுக்கொள்வார். குறித்த பாடங்களை ஆராதனையில் வாசிக்கவாவது சொல்லிக் கேள். பிறகு உன் வீட்டிலேயே நாலு பேரைக் கூட்டி வருகிற ஞாயிற்றுப் பாடத்தை வாசிக்கத் தொடங்கு. இது தொடங்க நல்ல நேரம், சபை வருஷம் இந்த ஞாயிறு புதிதாகப் பிறக்கிறது. பழைய வரிசையில் அட்வெந்து முதலாம் ஞாயிற்றுக்கு மத்தேயு 21, கழுதையின் மேல் வருகிற ராஜா. வீட்டில் அதை எடுத்து வாசித்தபோது, குருத்தோலை ஞாயிற்றுப் பாடத்தை ஏன் இப்போது வாசிக்கிறோம் என்று பேரன் கேட்டான். ராஜா உன்னிடத்தில் வருகிறார் என்று அதில் எழுதியிருக்கிறதே, நாம் போய் அவரைக் கூட்டி வரவில்லை, அவரே வருகிறார், லூத்தரும் இதைத்தான் சொன்னார் என்றேன். அவனுக்கு அது போதுமாக இருந்தது.

உங்கள் சபையில் இந்த வருஷம் எந்தப் பாட அட்டவணை கொடுத்திருக்கிறார்கள்? உன் மகனிடம் சொல்லி ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. ஒரே பாடமாக இருந்தால் புதன்கிழமை எங்களுக்கு வருகிற கேள்விகளை உனக்கு எழுதுகிறேன், நீயும் உங்கள் கேள்விகளை எழுது.

அன்புடன்,
உன் ஹாஸ்டல் தோழி