அந்த கினெக்ட்டைக் காயலான் கடையில் போட்டுவிடாதே

மச்சி,

வீடு மாற்றுகிறோம், பரணைக் காலி செய்கிறோம், பையனுடைய பழைய வீடியோ கேம் பெட்டி, எக்ஸ்பாக்ஸ் 360, காயலான் கடைக்குப் போகிறது என்று எழுதியிருந்தாய். எக்ஸ்பாக்ஸை என்ன வேண்டுமானாலும் செய். அதோடு ஒரு கறுப்புப் பட்டை இருக்கும் பார், டிவிக்குக் கீழே வைத்திருப்பீர்களே, முன்பக்கம் மூன்று வட்டம் தெரியும், ஆள் அசைவதைப் பார்த்து விளையாட்டை நடத்துமே, அந்த கினெக்ட், அதை மட்டும் தயவுசெய்து போட்டுவிடாதே. எனக்கு வேண்டும்.

அம்மாவுக்கு வலது தோள் இறுகிப்போனது உனக்குத் தெரியும். சர்க்கரை இருப்பவர்களுக்கு இது அதிகம் வரும் என்று டாக்டர் சொன்னார். பக்கவாட்டில் கையைத் தூக்கினால் பாதி வழியில் நின்றுவிடும். தலை வார முடியவில்லை, கொண்டை போட மருமகளைக் கூப்பிட வேண்டும், வலியைவிட அதுதான் அம்மாவுக்குப் பெரிய கஷ்டம். பிசியோதெரபி செய்கிறவர் சுவரில் விரலால் ஏறச் சொன்னார், கையைத் தூக்கி இறக்கச் சொன்னார், காலையில் பத்து, மாலையில் பத்து. நான் ஹார்பர் வேலைக்குக் கிளம்பிவிடுவேன், அம்மா நாலு தடவை தூக்கிவிட்டுச் சமையலுக்குப் போய்விடுவாள். நேற்றைக்கு இன்றைக்கு எவ்வளவு கூடியது என்று பார்க்க வழியே இல்லை. செல்போனில் வீடியோ எடுக்கலாம் என்றால், என் மூஞ்சியை எடுக்காதேடா என்று முந்தானையால் மூடிக்கொள்வாள். அவள் எப்போதுமே அப்படித்தான், என் கல்யாண ஆல்பத்தில்கூட அவள் முகம் பாதிதான் இருக்கும்.

அப்போதுதான் ஆபீஸில் ஒரு தம்பி, வீட்டில் சும்மா கிடக்கிறது அண்ணா என்று ஒரு கினெக்ட்டைக் கொடுத்தான். இது 2010 நவம்பரில் வந்த சாமான். வந்த ஒரு வாரத்துக்குள்ளேயே கம்ப்யூட்டரோடு பேச வைத்துவிட்டார்கள். அடாஃப்ரூட் என்ற அமெரிக்கக் கடை, இதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் டிரைவர் மென்பொருளை யாரும் எடுத்துக்கொள்ளும்படி எழுதுகிறவருக்குப் பணம் என்று அறிவித்து, 1000 டாலரில் ஆரம்பித்து 3000 வரை ஏற்றியது. எக்டர் மார்ட்டின் என்பவர் நவம்பர் 10-ம் தேதியே எழுதி வெளியிட்டுவிட்டார். மைக்ரோசாப்ட் முதலில் முகம் சுளித்தது, அப்புறம் 2011 ஜூனில் தானே விண்டோஸுக்கு மென்பொருள் தொகுப்பைக் கொடுத்தது. நான் போட்டிருப்பது அதில் 1.8 பதிப்பு, என் விண்டோஸ் 10 லேப்டாப்பில் நன்றாகவே ஓடுகிறது. மென்பொருளை முதலில் போட்டுவிட்டு அதற்கு அப்புறம்தான் ஒயரைச் சொருக வேண்டும், நான் தலைகீழாகச் செய்து ஒரு சாயங்காலம் வீணானது.

ஒயர் என்றதும் முக்கியமான விஷயம். கினெக்ட்டின் முனை யு.எஸ்.பி. மாதிரியே இருக்கும், ஆனால் லேப்டாப்பில் நுழையாது. புது மாடல் எக்ஸ்பாக்ஸ் 360-ல் அதற்கென்றே ஒரு ஓட்டை உண்டு, கரண்டும் அதிலேயே போய்விடும். பழைய மாடலுக்கு ஒரு தனி அடாப்டர் கொடுத்தார்கள், ஒரு பக்கம் சாதாரண யு.எஸ்.பி., இன்னொரு பக்கம் சுவரில் சொருகும் 12 வோல்ட். நமக்கு வேண்டியது அதுதான். யு.எஸ்.பி. 2.0 ஓட்டையில் வருவது இரண்டரை வாட், இதற்கு உள்ளே மோட்டாரும் லேசரும் இருக்கிறதே, அது எங்கே போதும்? நான் முதலில் வாங்கிய மலிவு அடாப்டரில் விளக்கு எரியும், படம் ஐந்து நிமிடத்தில் உறைந்துவிடும். கினெக்ட்தான் போச்சு என்று நினைத்து மனசு விட்டுப்போய், பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜாரில் நாலு கடை ஏறி இறங்கி வேறு ஒன்று வாங்கினேன், அன்றிலிருந்து தகராறு இல்லை. பல ஓட்டை உள்ள யு.எஸ்.பி. ஹப்பில் சொருகாதே, லேப்டாப்பில் நேராகச் சொருகு, படமும் தூரமும் சேர்ந்து வருவதால் அந்த ஒரு ஒயரையே அது நிறைத்துவிடும்.

இது எப்படிப் பார்க்கிறது என்பதை எழுதாமல் இருக்க முடியவில்லை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசரால் அறை முழுக்கப் புள்ளி வீசுகிறது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ஒரு பழைய சிசிடிவி கேமரா வழியாகப் பார்த்தேன், அதற்கு இருட்டில் அந்த ஒளி தெரியும். சுவர், பீரோ, ஃபேன், எல்லாவற்றிலும் புள்ளி. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், மார்கழிக்குப் புள்ளி வைத்த மாதிரி இருக்கு, ஆனால் வரிசை இல்லையே என்றாள். வரிசை இல்லாததால்தான் அது வேலை செய்கிறது மச்சி. ஒவ்வொரு சின்னக் கூட்டமும் தனித்தனி மாதிரி இருப்பதால், இது எந்த இடத்துப் புள்ளி என்று கேமராவுக்குத் தெரிகிறது. அது இருக்க வேண்டிய இடத்திலிருந்து எவ்வளவு பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறதோ, அதை வைத்துத் தூரம் கணக்காகிறது, நொடிக்கு 30 தடவை. இதைச் செய்தது பிரைம்சென்ஸ் என்ற இஸ்ரேல் கம்பெனி, 2013-ல் ஆப்பிள் அதை வாங்கிவிட்டது. ஐபோன் முகத்தைப் பார்த்துத் திறக்கிறதே, அதுவும் புள்ளி வீசுகிற உத்திதான்.

அந்தத் தூரப் படத்திலிருந்து மென்பொருள் உடம்பைப் பிரிக்கிறது. படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் இது தோள், இது முழங்கை, இது மணிக்கட்டு என்று அடையாளம் போட்டு, 20 மூட்டுகளாகக் கோட்டுருவம் வரைகிறது. கலர் கேமராவை நான் நிறுத்திவிட்டேன். திரையில் வருவது வெறும் குச்சி உருவம், முகம் கிடையாது. முதல் நாள் அம்மா அதைப் பார்த்துக் கையை அசைத்தாள், அதுவும் அசைத்தது. இது பரவாயில்லைடா, எலும்பு மட்டும்தானே என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அந்த நிமிடம் போதும் என்று இருந்தது.

ராயபுரம் வீட்டு அறை உனக்குத் தெரியாததா, சுவருக்குச் சுவர் பத்தடிகூட இல்லை. முழு ஆள் தலையிலிருந்து கால் வரை தெரிய வேண்டும் என்றால் ஏழடி தள்ளி நிற்க வேண்டும், கட்டில் போட்ட பிறகு அந்த ஏழடி எங்கே? அதனால் உட்கார்ந்திருப்பவர்களுக்கான முறையை எடுத்தேன், அதில் இடுப்புக்கு மேலே 10 மூட்டுதான். ஒரு சிக்கல், அந்த முறையில் இடுப்பு கிடைக்காது, கைக்கும் உடம்புக்கும் நடுவில் கோணம் அளக்க இடுப்பு வேண்டுமே. கடைசியில் தோளிலிருந்து முழங்கைக்குப் போகும் கோட்டை, செங்குத்தாகக் கீழே இறங்கும் கோட்டோடு வைத்து அளந்தேன். பாலிடெக்னிக்கில் நீ எனக்குச் சொல்லிக்கொடுத்த வெக்டர் கணக்குதான். சி ஷார்ப் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுத மூன்று ஞாயிறு பிடித்தது. அப்புறம் பார்த்தால் அம்மா உடம்பையே இடது பக்கம் சாய்த்துக் கையை மேலே கொண்டுபோகிறாள், எண் ஏறுகிறது, தோள் ஏறவில்லை. இரண்டு தோளையும் சேர்க்கும் கோடு சாய்ந்தால் அந்தத் தடவையைக் கணக்கில் சேர்க்காதே என்று ஒரு வரி சேர்த்த பிறகுதான் சரியாக வந்தது.

முந்தானை தொங்கினால் முழங்கையைத் தப்பாகப் பிடிக்கும், செருகிக்கொண்டுதான் உட்காருகிறாள். சாயங்காலம் மேற்கு ஜன்னலில் வெயில் நேராக விழுந்தால் புள்ளியெல்லாம் அழிந்து படத்தில் ஓட்டை ஓட்டையாக வரும், வெயிலிலும் அதே அகச்சிவப்பு இருக்கிறது. அதனால் மெட்ரோ வாட்டர் பிடித்து முடிந்ததும் காலையில் ஒரு தடவை, விளக்கு வைத்த பிறகு ஒரு தடவை.

ஆரம்பித்த அன்று 68 டிகிரி. நேற்று 121. நடுவில் பத்து நாள் 90-க்குப் பக்கத்திலேயே நின்றது, அவளுக்கு வெறுத்துவிட்டது. அப்போது பழைய எண்களைக் கோடாக வரைந்து காட்டினேன், பள்ளத்திலிருந்து எவ்வளவு ஏறி வந்திருக்கிறாள் என்று கண்ணால் பார்த்த பிறகு மறுநாள் அவளே லேப்டாப்பைத் திறக்கச் சொன்னாள். குணமாக்குவது பயிற்சியும் அந்த பிசியோதெரபி அம்மாவின் கையும்தான், இதில் எனக்குக் குழப்பம் இல்லை. அளவு மாதத்துக்கு ஒரு தடவை அவர் கையால்தான் பார்க்கிறார், என் எண் அதிலிருந்து கொஞ்சம் தள்ளித்தான் இருக்கும், ஆனால் போகும் திசை ஒன்றுதான்.

தெருவில் பாக்ஸிங் பழகும் பசங்க வந்து எங்களையும் பார் அண்ணா என்றார்கள். அதில் தோற்றுவிட்டேன். அவர்கள் பக்கவாட்டில் நிற்பதால் பின்கை உடம்புக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது, மென்பொருள் அதை ஊகித்துப் போடுகிறது, குத்தும் வேகத்துக்கு நொடிக்கு 30 படம் போதவில்லை. ஊகித்த மூட்டு எது, நிஜமாகப் பார்த்த மூட்டு எது என்று அது தனியாகச் சொல்லும். இரண்டு கினெக்ட்டை இரண்டு பக்கம் வைத்தால் கை மறைவது குறையுமா என்று பார்க்க ஆசை, ஒன்றின் புள்ளி இன்னொன்றின் புள்ளியைக் குழப்பும் என்கிறார்கள், செய்து பார்த்தால்தான் தெரியும். அதுவும் ஒரு காரணம். இன்னொன்று, ஆபீஸ் தம்பிக்கு அடுத்த மாதம் இதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். 2017-லேயே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள், புதிதாக வாங்க வழியில்லை.

சரி, நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். எக்ஸ்பாக்ஸ் அட்டைப்பெட்டியில், ஒயர்க் குவியலில், நான் சொன்ன அடாப்டர் இருக்கிறதா என்று தேடு, பெட்டி மாதிரி ஒரு பிளக், அதில் இரண்டு ஒயர். கினெக்ட்டின் தலையைக் கையால் மேலும் கீழும் திருப்பிப் பார்க்காதே, உள்ளே சின்ன மோட்டார், பல் உடைந்துவிடும். பழைய லுங்கியில் சுற்றிக் கொடு. ஓசூரிலிருந்து பார்சலில் போடாதே, பொங்கலுக்கு வரும்போது கையிலேயே எடுத்துக்கொண்டு வா, காசிமேட்டில் காலையிலேயே போய் வஞ்சிரம் வாங்கி வைக்கிறேன். அம்மா உன்னைக் கேட்டாள் என்று எழுதச் சொன்னாள். வெள்ளிக்கிழமை கொண்டையை அவளே போட்டுக்கொண்டாள், கொஞ்சம் கோணலாக இருந்தது, யாரையும் தொடவிடவில்லை.

அடாப்டர் கிடைத்தால் இன்றைக்கே ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.