மழைக்கு முன் மூன்று பம்ப்செட்டும் ஒரு வரைபடமும்: வியாசர்பாடி கூட்டுக்குழுவின் நன்கொடை வேண்டுகோள்

வியாசர்பாடியிலும் மகாகவி பாரதி நகரிலும் குடியிருப்போருக்கும் கடை வைத்திருப்போருக்கும், இங்கே பிறந்து வெளியூரில் வேலை பார்ப்போருக்கும் வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கிவிடும். தெருவில் தேங்கும் மழைநீரை இறைக்கவும் நிவாரண முகாமைத் தயார் செய்யவும் அதற்குள் முடிக்க வேண்டிய வேலைக்காக 4 லட்சம் ரூபாய் கேட்கிறோம். மாநகராட்சி செய்ய வேண்டியதை நாம் காசு போட்டுச் செய்வதா என்ற கேள்வி வரும். வர வேண்டிய கேள்விதான். வடிகால் கட்டுவது, தூர் வாருவது, கழிவுநீர் அடைப்பு எடுப்பது இவற்றுக்கு இந்தப் பணத்திலிருந்து ஒரு ரூபாய்கூடப் போகாது. அவை வரிப்பணத்தில் நடக்க வேண்டியவை. ஒரு துறையின் வேலை முடிந்து அடுத்த துறையின் வேலை தொடங்கும் இடத்தில், யார் கணக்கிலும் ஏறாத சில செலவுகள் இருக்கின்றன. பணம் கேட்பது அவற்றுக்கு மட்டும்.

தெருவில் இருக்கும் மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. தண்ணீர் போய்ச் சேரும் பக்கிங்காம் கால்வாய் நீர்வளத் துறையுடையது. பக்கத்திலேயே ஓடும் கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்துடையது. தெருமுனை பில்லர் பாக்ஸ் (வீடுகளுக்கு மின்சாரம் பிரியும் பெட்டி) மின்வாரியத்துடையது. ரயில் பாதைக்கு அடியில் போகும் பாலக்கண் ரயில்வேயுடையது. இந்தப் பாகப்பிரிவினை தண்ணீருக்குத் தெரியாது. தெரு வடியவில்லை என்றால் யாராவது மேன்ஹோல் மூடியைத் தூக்கிவிடுவார்கள். மழைநீர் கழிவுநீர்க் குழாயில் புகும். பம்பிங் ஸ்டேஷன் தாங்காது. கொஞ்ச நேரத்தில் அது கீழ்வீட்டுக் கழிப்பறை வழியாகத் திரும்பி மேலே வரும். பில்லர் பாக்ஸ் நனைந்தால் கரன்ட்டை நிறுத்துவார்கள், நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் தண்ணீர் பெட்டிக்குக் கீழே இறங்கிவிட்டது என்று பார்த்துச் சொல்ல ஆள் இல்லாத தெருவுக்கு அது கடைசியில்தான் திரும்பி வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வட சென்னையின் பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது.

இதற்காக ஒரு கூட்டுத் திட்டம் எழுதப்பட்டிருக்கிறது. வார்டு பொறியாளர், குடிநீர் வாரியப் பணிமனை, மின்வாரியப் பிரிவு அலுவலகம், பள்ளித் தலைமையாசிரியர், குடியிருப்போர் சங்கங்கள், மகளிர் குழுக்கள், கால்பந்துக் குழுக்கள் என ஒவ்வொரு தரப்புக்கும் ஒரே ஒரு தாள். என்ன வேலை, எந்தத் தேதிக்குள், அவர் இல்லாவிட்டால் யார் என்பது மட்டும் அதில் இருக்கும். பெயர் எழுதுவதில்லை, பதவிதான். இடமாற்றம் வந்தால் பெயரெழுதிய பட்டியல் குப்பைக்குப் போய்விடும். இது வாய்ப்பேச்சாக நிற்காதபடி, வார்டுக்குள் பகுதிவாரியாக மக்கள் கூடும் பகுதி சபையில் தீர்மானமாகப் பதிய வேண்டும். 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தில் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. அங்கே பதிந்த தீர்மானம் வார்டு குழுவுக்குப் போகும். பிறகு எந்த அலுவலகத்திலும் அதைக் காட்டிக் கேட்கலாம்.

இனி பணம் போகும் இடங்கள். பெரிய செலவுகளில் ஒன்று, 5 குதிரைத்திறன் டீசல் பம்ப்செட் மூன்று. உறிஞ்சு குழாய், ஃபுட்வால்வு (அந்தக் குழாயின் அடிமுனை வால்வு), 100 மீட்டர் சுருட்டு ஹோஸ் எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 45,000 வீதம் 1,35,000 ரூபாய். மாநகராட்சியின் டிராக்டர் பம்புகள் முதலில் சுரங்கப்பாதைக்கும் பெரிய சாலைக்கும்தான் போகும். அது நியாயமே: கணேசபுரம் சுரங்கப்பாதை மூடினால் ஆம்புலன்ஸும் சுற்றித்தான் வர வேண்டும். தவிர, டிராக்டர் நம் குறுக்குத் தெருக்களில் நுழையவும் நுழையாது. 200 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலமுள்ள தெருவில் ஒரு அடி தண்ணீர் என்றால் ஏறத்தாழ 3,60,000 லிட்டர். இந்த மூன்று அங்குலக் குழாய்ப் பம்ப் ஒன்று நிமிடத்துக்கு 1,000 லிட்டர் இறைக்கும் என்பார்கள். நீளமான ஹோஸும் குப்பையும் சேர்ந்தால் 700 கிடைப்பதே பெரிது. அப்படியானால் ஒரு தெருவுக்கு எட்டரை மணி நேரம், அதுவும் மேலிருந்து புதுத் தண்ணீர் வராமல் இருந்தால்.

பம்ப் கெடுவது பெரும்பாலும் இன்ஜினில் இல்லை. ஃபுட்வால்வில் பிளாஸ்டிக் பை சுற்றிக்கொள்ளும். உறிஞ்சு குழாய் இணைப்பில் காற்று இழுக்கும். ஹோஸ் மேல் ஆட்டோ ஏறிக் கிழியும். ஆகவே உதிரி வால்வு, கிளிப், மாற்று ஹோஸ், வடிகட்டும் கூடை இவற்றுக்கு 15,000. ஒரு பம்ப் மணிக்கு சுமார் 1.2 லிட்டர் டீசல் குடிக்கும். நாளைக்குப் பத்து மணி நேரம், ஆறு நாள், மூன்று பம்ப் என்று போட்டால் 216 லிட்டர். இதற்கு 21,000. டீசலை யார் வீட்டிலும் வைக்கமாட்டோம்; தாழ்வில்லாத இடத்தில் உள்ள பங்க்கில் முன்பணம் கட்டி டோக்கன் வாங்கிக்கொள்வோம்.

எங்கே இறைத்து விடுவது என்பது இன்னும் முக்கியம். பக்கிங்காம் கால்வாய் வடக்கே எண்ணூர் கழிமுகத்துக்குப் போகிறது. அதே கழிமுகத்தில் சேரும் கொசஸ்தலை ஆற்றில் பூண்டி ஏரியின் உபரிநீர் வரும் நேரத்தில் கடலும் ஏற்றத்தில் இருந்தால் கால்வாய் வடியாது. வடிகால் வாய் வழியாகத் தண்ணீர் தெருவுக்கே திரும்பும். அப்போது இறைத்தால் டீசல்தான் எரியும். அதனால் கால்வாயில் இறங்கும் வடிகால் வாய்களிலும் தெருமுனைகளிலும் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடாக நீர்மட்ட அளவு வரைய வேண்டும். தெருவின் தாழ்வான இடம், வடிகால் வாய், மேன்ஹோல், பில்லர் பாக்ஸ், படுத்த படுக்கையாக இருப்பவர்கள் வீடு எல்லாம் காட்டும் வரைபடம் அச்சடிக்க வேண்டும் (வீட்டு விவரம் தன்னார்வலர் பிரதியில் மட்டும்). இரண்டுக்கும் 25,000.

முப்பது தன்னார்வலர்களுக்கு கம்பூட், மழைக்கோட்டு, கையுறை, டார்ச், கயிறு: தலைக்கு 1,800 வீதம் 54,000. கம்பூட் ஆடம்பரம் இல்லை. வெடித்த காலோடு கழிவுநீரில் நடந்தால் எலிக்காய்ச்சல் வரலாம். எவரையும் மேன்ஹோலுக்குள் இறக்க மாட்டோம். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுப்பது இருக்கட்டும். சட்டம் இல்லாவிட்டாலும் இறக்க மாட்டோம்.

மீதி 1,50,000 நிவாரண முகாமாகும் மாநகராட்சிப் பள்ளிக்கு. தரைத்தளக் கழிப்பறை முதல் நாளே நிரம்பிவிடுவதால் முகாமுக்கு வர மக்கள், முக்கியமாகப் பெண்கள், தயங்குகிறார்கள். மாடியில் கழிப்பறை, மேலே உயர்த்திய மின்பலகை இரண்டுக்கும் மதிப்பீடு 4,50,000. நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு தரும். அந்தப் பங்கை மாநகராட்சி பெயரில் வரைவோலையாகவே கட்டுவோம். திட்டத்துக்கு அனுமதி கிடைக்காவிட்டால் இந்தத் தொகையை வேறு செலவுக்குத் திருப்பாமல், கொடுத்தவர்களைக் கேட்டே முடிவு செய்வோம்.

கொடுக்கும் முறை: கணக்கு எண் அச்சிட்ட ரசீதுப் புத்தகத்திலும் சங்க அலுவலகப் பலகையிலும் மட்டுமே இருக்கும். வாட்ஸ்அப்பில் கியூஆர் குறியீடு வந்தால் அது எங்களுடையது இல்லை. எடுக்க இரண்டு கையெழுத்து வேண்டும். வரவு செலவு பகுதி சபையில் படிக்கப்படும். வருமான வரிக்கான 80ஜி விலக்கு இதற்குக் கிடையாது. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் கவனிக்க: இந்தியக் குடியுரிமை உள்ளவர்கள் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பலாம். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர்களிடம், ஓசிஐ அட்டை இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி வாங்க முடியாது; மன்னிக்கவும்.

பழைய துணி வேண்டாம். பாரிமுனைப் பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர்கள் பொருளாகத் தரலாம். ஹோஸ் மூன்று அங்குலம்தான், இரண்டு அங்குலம் இந்தப் பம்புக்குச் சேராது. செப்டம்பர் 30க்குள் வந்து சேர்ந்தால் அக்டோபர் முதல் ஞாயிறு பம்புகளை ஓட்டிப் பார்த்துவிடலாம்.